கொட்டை வெடிக்கும் முன்பே

வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் இயந்திரம் எதுவானாலும் அது செய்வது மூன்று வேலை: சூடு கொடுப்பது, கொட்டையை ஓயாமல் புரட்டுவது, புகையையும் தொலியையும் வெளியே தள்ளுவது. தமிழ்நாட்டு வீடுகளில் இந்த மூன்றையும் சில தலைமுறைகளுக்கு முன்புவரை ஓர் இரும்பு உருளையும் ஒரு கையும் செய்தன. கரி அடுப்பின்மேல் கிடத்திய உருளை, அதன் நடுவே ஒரு கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. உருளையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் சூடு குறையும். வேகமாகச் சுற்றினால் ஒரு பக்கம் கருகாது. மூடியைத் திறந்தால் புகை போகும். வறுத்த கொட்டை முறத்தில் விழுந்ததும் விசிறியால் வீசிப் புடைத்துத் தொலியை நீக்குவார்கள். இன்றைய இயந்திரத்தில் கம்பிச்சுருள், மோட்டார், புளோயர் என்று தனித்தனியாக இருப்பவை அந்தக் கையின் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவைதான். பங்கு போட்டபோது நழுவிப்போனதைத் திரும்பக் கைக்குக் கொண்டுவருவதே இயந்திரத்தைத் திருத்தும் தொழில்.

கோவையில் ஒரு வீட்டின் பின்கட்டில் 1990களின் நடுவில் தொடங்கிய வேலையில் இந்தத் தொழிலின் எல்லாக் கட்டங்களும் வந்துபோயின. அந்தச் சமயத்தில் பச்சைக் கொட்டையின் வியாபாரமும் மாறிக்கொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டப்படி தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவந்தார்கள். 1990களில் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்தது. 1996க்குப் பிறகு ஏற்காட்டுக் கொட்டை, பழனி மலைக் கொட்டை, சிக்மகளூர்க் கொட்டை என்று மலை சொல்லிக் கேட்டு வாங்குவது எளிதாயிற்று. நல்ல கொட்டை கைக்கு வந்த பிறகுதான் வறுவலின் கோளாறு நாக்குக்குத் தெரிந்தது. ஒரே மூட்டையிலிருந்து எடுத்த கொட்டை திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை வேறு மாதிரியும் இருந்தால் குற்றம் தோட்டத்துடையது ஆகாது.

பின்கட்டின் முதல் மின் இயந்திரம் சோளம் பொரிக்கும் பாப்பர். வெப்பக்காற்றில் கொட்டையை மிதக்கவிட்டு வறுக்கும் முறையை 1970களில் அமெரிக்கப் பொறியாளர் மைக்கேல் சிவெட்ஸ் பெரிய இயந்திரங்களில் பரப்பினார். அதே பத்தாண்டின் கடைசியில் அங்கே வீட்டுக்கென்று வந்த பாப்பர்களும் அதே கொள்கையில் ஓடியதால் காப்பிப் பிரியர்கள் அவற்றில் கொட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். பாப்பருக்குள் அடியில் ஒரு நிக்ரோம் கம்பிச்சுருள், அதற்கும் கீழே சிறு மோட்டாரில் பூட்டிய விசிறி. காற்று சுருளைத் தாண்டிச் சூடாகி அறைக்குள் பாயும். பக்கச் சுவரில் சாய்ந்த பிளவுகள் உள்ள பாப்பரில் கொட்டை சுழன்றுகொண்டே வறுபடும். அடித்தட்டில் வலை உள்ள பாப்பர் வறுவலுக்கு ஆகாது. தொலி வலை வழியாகச் சுருள்மேல் விழுந்து தீப்பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த முதல் பாப்பர் ஒரு வறுவலைக்கூடப் பார்க்கவில்லை. அது 120 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் இயந்திரம். யாரோ பிளக்கை மட்டும் மாற்றி 230 வோல்ட்டில் செருகிவிட்டார்கள். வோல்ட் இரட்டிப்புக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறியது. ஆனால் சுருளின் வாட் வோல்ட்டின் வர்க்கத்தில் ஏறும். ஏறக்குறைய 3.7 மடங்கு, அதாவது 5500 வாட். சுருள் வெள்ளையாக ஒளிர்ந்து அறுந்தது. இந்த வர்க்கக் கணக்கு பிறகு வந்த ஒவ்வொரு சிக்கலிலும் வேறு வேறு வேடத்தில் திரும்ப வந்தது.

இரண்டாவது பாப்பர் இந்திய மின்சாரத்துக்கு ஏற்ற 1200 வாட் இயந்திரம். ஒரு தடவைக்கு 80 முதல் 100 கிராம் பச்சைக் கொட்டை கொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டினால் நான்கே நிமிடத்தில் கொட்டை கறுத்துவிடும். வெளியே கருமை, உள்ளே பச்சை. டிகாக்ஷனில் புல் வாடையும் சாம்பல் கசப்பும் சேர்ந்து வரும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் போய்க் கொட்டை மஞ்சளாவதற்கும், மஞ்சளிலிருந்து பழுப்பேறி மணம் உண்டாவதற்கும், வெடித்த பின் பதம் கூடுவதற்கும் தனித்தனியே நேரம் வேண்டும். வெப்பக்காற்றில் மொத்தம் ஆறு முதல் ஒன்பது நிமிடமும், உருளையில் பத்து முதல் பதினான்கு நிமிடமும் பெரும்பாலான கொட்டைக்குப் பொருந்துகின்றன. ஆக, பாப்பரில் முதல் திருத்தம் சூட்டைக் குறைப்பது.

அதற்காக முதலில் கைக்கு வந்தது சீலிங் ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். குமிழைத் திருகினால் விசிறி மெதுவாகிறது, சுருளும் அப்படித்தான் குறையும் என்று நினைத்துச் செய்த வேலை. அந்த ரெகுலேட்டர் நூறு வாட் அளவுக்குச் செய்தது. இரண்டு நிமிடத்தில் உருகிச் சுவரில் கறை விட்டது. அடுத்து, எலக்ட்ரீசியன்கள் டிம்மர்ஸ்டாட் என்று சொல்லும், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. அது உருகவில்லை. ஆனால் வோல்ட்டைக் குறைத்ததும் விசிறியும் சேர்ந்து தளர்ந்தது. கொட்டை அசையாமல் அடியில் படிந்து கருகியது. சூட்டைக் குறைக்கப்போய்க் கருகல்தான் கூடியது.

காரணம் பாப்பரின் வயரிங்கில் இருந்தது. அதன் மோட்டார் 20 வோல்ட் அளவில் ஓடும் டிசி மோட்டார். 230 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்குவதற்கு ஒரு துணைச் சுருளை மோட்டாரோடு தொடராகக் கோத்து, நான்கு டையோடு வழியாக டிசியாக மாற்றியிருப்பார்கள். அதனால் சூடும் காற்றும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள். இரண்டையும் பிரிப்பதுதான் பாப்பரில் செய்யும் திருத்தங்களுக்கெல்லாம் தாய். துணைச் சுருளின் இணைப்பைக் கழற்றி, மோட்டாருக்குத் தனி டிசி மின்சாரம் கொடுக்க வேண்டும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜர் இதற்குப் போதுமானதாக இருந்தது. அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சிறு டிசி வேகக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. முனை மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றிக் காற்று வராது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரித்த பிறகு காற்றின் குமிழே சூட்டின் குமிழாகவும் இருப்பது தெரிந்தது. பச்சைக் கொட்டை கனம். தொடக்கத்தில் அதை எழுப்பப் பலமான காற்று வேண்டும். ஈரம் போகப்போகக் கொட்டை எடை குறைந்து உப்பும். அதே காற்றில் இப்போது வாய்க்கு வெளியே துள்ளும். காற்றைக் குறைத்தால் கொட்டை அடங்கும், ஆனால் அதே வாட் குறைந்த காற்றில் ஏறுவதால் காற்றின் சூடு கூடும். எனவே காற்றைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் சூட்டையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். கைக்கு இரண்டு குமிழ், கண்ணுக்குக் கொட்டையின் அசைவு. சில மாதங்களுக்கு இந்த ஏற்பாட்டிலேயே வறுவல் நடந்தது. நடுத்தர வறுவலுக்கு அது மோசமில்லை.

பிரித்ததால் ஒரு புது ஆபத்தும் வந்தது. முன்பு விசிறி நின்றால் சூடும் நின்றுவிடும். இப்போது விசிறி ஓடாமலே சுருள் எரியலாம். ஒருநாள் சார்ஜரின் பின் கழன்றது. காற்று நின்று சில விநாடிகளில் அடித்தொலி புகைந்தது. உள்ளே இருந்த வெப்ப உருகி அறுந்ததால் வீடு தப்பியது. பாப்பருக்குள் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று தெர்மோஸ்டாட், குறிப்பிட்ட சூட்டில் விட்டு விட்டுச் சேர்வது. சோளத்துக்கு ஏற்ற அதன் சூடு காப்பிக்குப் போதாது என்பதால் திருத்துபவர்கள் அதைத் தாண்டி இணைப்பது வழக்கம். மற்றொன்று வெப்ப உருகி, ஒரே தடவை அறுந்து இயந்திரத்தை முடித்துவிடுவது. அதைத் தாண்டி இணைக்கும் பழக்கமும் உண்டு. பின்கட்டில் அதன்பிறகு அது தடை. உருகி இடைஞ்சலாக இருந்தால் அதைவிடச் சற்று உயர்ந்த சூட்டில் அறும் உருகியைப் போடலாம், இல்லாமல் ஓட்டக் கூடாது. விசிறிக்கு மின்சாரம் கிடைத்தால்தான் சுருளின் ரிலே சேரும் என்ற பூட்டும் அன்றே வந்தது. பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் உலோகம் கைக்கு எட்டும். அதற்கு எர்த்தும், வரும் வழியில் ஈ.எல்.சி.பி.யும் கட்டாயம்.

கருவி ஒழுங்கான பிறகும் காலை வறுவலும் மாலை வறுவலும் ஒன்றாக வரவில்லை. கொட்டையை மாற்றிப் பார்த்தும், காற்றை மாற்றிப் பார்த்தும் புதிர் விடுபடவில்லை. மல்ட்டிமீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தபோது அதிகாலையில் 245 வோல்ட், இரவு ஏழு மணிக்கு 200 வோல்ட். இங்கேதான் வர்க்கக் கணக்கு திரும்ப வந்தது. 1200 வாட் சுருள் காலையில் 1360 வாட், மாலையில் 907 வாட். ஒரே குமிழ், ஒரே அளவு, மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போகிறது. ஸ்டெபிலைசர் வைத்தும் பார்த்தது உண்டு. அது படிப்படியாகத் தட்டித் தட்டி மாறுவதால் வறுவலின் நடுவே சூடு குதித்தது. எளிய வழி, ஒரு வோல்ட்மீட்டரைக் குமிழின் பக்கத்திலேயே பொருத்தி, வோல்ட் இறங்கும்போது கையால் ஈடுகட்டுவது. அமெரிக்க வீட்டுக்காரர்கள் நீண்ட எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு வோல்ட்டை வேண்டுமென்றே குறைத்துச் சூட்டைத் தணித்ததாகக் கேள்வி. கோவையில் அதற்குத் தேவை இருக்கவில்லை. ஊரின் மின்கம்பியே அதைச் செய்தது.

அடுத்த கட்டம் சூட்டைக் கண்ணால் பார்ப்பது. கே வகைத் தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முடிச்சு. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் தரும். 200 டிகிரியில்கூட அது 8 மில்லிவோல்ட்தான். இவ்வளவு சிறிய மின்சாரத்தைக் கெடுக்க வழிகள் பல. முதலில் முனை மாறிப் பொருத்தியதில், சூடேற ஏற எண் இறங்கியது. அடுத்த தவறு நுட்பமானது. வயர் எட்டவில்லை என்று நடுவில் சாதாரணச் செம்புக் கம்பி ஒட்டப்பட்டது. ஒட்டிய இடம் இயந்திரத்தின் ஓரத்தில் 45 டிகிரியில் இருந்தது, மீட்டர் 30 டிகிரியில். எண் எப்போதும் 15 டிகிரி குறைவாகவே காட்டியது. தெர்மோகப்பிளை நீட்ட வேண்டுமானால் அதற்கான வயரிலேயே நீட்ட வேண்டும். சரிபார்க்க ஐஸ் தண்ணீரும் கொதிநீரும் போதும். கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 98.5 டிகிரி அளவிலேயே கொதிக்கும். மீட்டர் 100 காட்டவில்லை என்று அதைத் திருகிக் கெடுத்தவர்களும் உண்டு.

முனையை எங்கே வைப்பது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். கொட்டைக் குவியலுக்குள் நன்றாக அமிழ வேண்டும், சுவரைத் தொடக் கூடாது, சூடான காற்று நேரே அடிக்கும் பாதையில் இருக்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் தடித்த உறை உறுதியானது, ஆனால் சோம்பேறி. 1.5 மில்லிமீட்டர் உறை சுறுசுறுப்பானது, வளையும். நிமிடத்துக்கு 12 டிகிரி ஏறும் வறுவலில் முனை 15 விநாடி பின்தங்கினால் காட்டும் எண் உண்மையைவிட 3 டிகிரி குறைவு. வேகமான வறுவலில் இந்த இடைவெளி இன்னும் பெருகும். சூடான உருளையில் கொட்டையைப் போட்டவுடன் எண் மளமளவென்று இறங்கி, 90 டிகிரி பக்கம் நின்று, பிறகு ஏறத் தொடங்கும். கொட்டை குளிர்ந்து பின் சூடாவதாகப் புதியவர்கள் நினைப்பார்கள். கொட்டை முதல் விநாடியிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இறங்கியது முன்பு சூடாகியிருந்த முனை.

இதனால்தான் ஒருவருடைய எண் மற்றவருக்கு உதவாது. வறுபடும் கொட்டை இரண்டு தடவை வெடிக்கும். முதல் வெடிப்பு 196 டிகிரியில் என்று புத்தகங்கள் சொல்லலாம். பின்கட்டின் பாப்பரில் அது 205இல் கேட்டது, பிறகு வந்த உருளையில் 189இல். கொட்டை ஒன்றுதான். முனை இருக்கும் இடம் வேறு. ஆகவே ஒவ்வொரு இயந்திரத்திலும் காதால் வெடிப்பைக் கேட்டு, அப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை அந்த இயந்திரத்தின் சொந்த அளவுகோலாக வைத்துக்கொள்வதே வழி. முதல் வெடிப்பு சோளம் பொரிவதுபோல உரத்துக் கேட்கும். இரண்டாவது வெடிப்பு அரிசி பொரிவதுபோல மெல்லிய சடசடப்பு. பாப்பரின் விசிறி இரைச்சலில் இரண்டாவது கேட்காமலே போகும். அங்கே மூக்கும் புகையின் நிறமும்தான் துணை.

சூட்டைப் பார்க்க முடிந்ததும் அதைத் தானாக இயக்கும் ஆசை வந்தது. டிம்மர்ஸ்டாட்டின் இடத்தில் சாலிட் ஸ்டேட் ரிலே வந்தது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 அரைச்சுழற்சி. மின்னழுத்தம் பூச்சியத்தைத் தொடும் கணத்தில் மட்டும் சேரும் ரிலேயால் ஒரு விநாடிக்குள் இந்த நூறில் எத்தனையை விடுவது என்று தீர்மானிக்கலாம். சூட்டை ஒவ்வொரு விழுக்காடாகக் கூட்டிக் குறைக்க அதுவே போதும். நடு அலையில் வெட்டும் டிம்மர் வகைகள் தெர்மோகப்பிளின் எண்ணை நடுங்க வைத்தன. இதில் அந்தத் தொல்லை குறைந்தது. 5 ஆம்பியர் ஓடும்போது ரிலேயே 6, 7 வாட் சூட்டை உமிழும், அலுமினியத் தகட்டில் பூட்டாவிட்டால் செத்துப்போகும். சாகும்போது பெரும்பாலும் சேர்ந்த நிலையிலேயே சாகும் என்பதுதான் அதன் கெட்ட குணம். சுவிட்சை அணைத்த பிறகும் சுருள் சிவந்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, வழியில் கையால் இறக்கும் எம்.சி.பி. ஒன்று இல்லாமல் எந்த இயந்திரமும் பின்கட்டிலிருந்து வெளியே போகவில்லை.

ரிலேக்குக் கட்டளையிட, குறித்த சூட்டுக்கும் காட்டும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது. இந்த முறையைக் கப்பலின் சுக்கானை இயக்குவதற்காக 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கணக்காக எழுதினார். ஆலைகளில் அடுப்பு, கொதிகலன் எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. கொட்டையின் சூட்டை 220 என்று குறித்து ஓட்டியபோது அது செய்த வேலை: கடைசிவரை முழுச் சூடு, 220ஐத் தொட்டதும் அணைப்பு, அதன் பிறகும் சுருளிலும் கொட்டையிலும் தேங்கிய சூட்டில் 228வரை ஓட்டம். சூட்டைப் படிகளாகப் பிரித்து எழுதிக் கொடுத்தால் பின்தங்கிய எண்ணைத் துரத்திக் கூட்டியும் குறைத்தும் ரம்பப் பல்லாக ஏறியது. அடுப்பை 220இல் நிறுத்தி வைப்பது ஒரு வேலை. 220ஐ நோக்கி ஒரே சீராக ஏறி, அதைத் தொட்டவுடன் இறக்கிவிடுவது வேறு வேலை. பிஐடி முதல் வேலைக்குப் பிறந்தது.

தீர்வு அளக்கும் இடத்தை மாற்றியதில் கிடைத்தது. கொட்டைக்குள் இருக்கும் முனையைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சுருளுக்கும் கொட்டைக்கும் நடுவே காற்றில் இன்னொரு முனை பொருத்தப்பட்டது. பிஐடி அந்தக் காற்றின் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டது. காற்றில் சூடு மாறினால் விநாடிகளில் தெரியும், பின்தங்கல் இல்லை, ரம்பப் பல் மறைந்தது. மாலையில் வோல்ட் இறங்கினாலும் அது தானாக ஈடுகட்டியது. பல ஆண்டுகள் குமிழோடு போராடிய சிக்கல் அந்த ஒரு முனையில் தீர்ந்தது. காற்றின் சூடு எந்த நிமிடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வது மட்டும் மனிதர் வேலையாக மிஞ்சியது. பாப்பருக்கும், வெப்பக்காற்றில் ஓடும் மற்ற சிறு இயந்திரங்களுக்கும் இதைவிட நல்ல ஏற்பாட்டைப் பின்கட்டு காணவில்லை.

கணினி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. 2005இல் இத்தாலியில் பிறந்த அர்டுயினோ பலகை மலிவானதும், தெர்மோகப்பிளைப் படிக்கும் சிறு சில்லுகளோடு அதைச் சேர்த்து யாரும் பதிவுக் கருவி செய்துகொள்ள முடிந்தது. ஆர்ட்டிசன் என்ற இலவச மென்பொருள் அந்த எண்களை வாங்கி வளைவரையாக வரைந்தது. அதுவரை நோட்டில் முப்பது விநாடிக்கு ஒருமுறை எழுதிய எண்கள் திரையில் கோடாக நகர்ந்தன. எண் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே முதன்மையானது என்று அந்தக் கோடு காட்டியது. மஞ்சள் நிறத்தில் நிமிடத்துக்கு 18, 20 டிகிரி ஏறிய கொட்டை முதல் வெடிப்பை 8, 9 டிகிரி வேகத்தில் எட்டினால் டிகாக்ஷன் இனித்தது. இந்த ஏற்ற வேகம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை குறைந்துகொண்டே வர வேண்டும் என்று காப்பி வறுவல் ஆலோசகர் ஸ்காட் ராவ் 2014இல் வெளியிட்ட கையேட்டில் வற்புறுத்தினார். அதைக் கேட்டு மாற்றிப் பார்த்தவர்கள் பலர்.

வெடிப்பு நேரத்தில் அந்தக் கோடு ஏன் உடைகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கொட்டை வெடிக்கும்போது உள்ளே அடைபட்ட நீராவி ஒரேயடியாக வெளியேறி முனையைக் குளிர்விக்கும். ஏற்ற வேகம் சரியும். சரிவைப் பார்த்து வறுப்பவர் பதறிச் சூட்டைக் கூட்டுவார். ஆவி போய் முடிந்ததும் கொட்டை தானே சூட்டை உமிழத் தொடங்கும். கூட்டிய சூடும் அதோடு சேர்ந்து கோடு மேலே துள்ளும். அந்தச் சரிவிலும் துள்ளலிலும்தான் வேகவைத்த மாவு வாடையும் கசப்பும் வருகின்றன. சரியான செயல் அதற்கு நேர்மாறு. வெடிப்பு கேட்பதற்கு ஒரு நிமிடம் முன்பே, எல்லாம் ஒழுங்காகப் போவதுபோலத் தோன்றும்போதே, சூட்டை ஒரு படி இறக்கி, பிறகு கையை எடுத்துவிடுவது. கரி அடுப்பில் உருளை சுற்றியவர்கள் வாசனை மாறும்போதே அடுப்பிலிருந்து உருளையைத் தூக்கியபோது செய்ததும் இதையேதான்.

கணினியின் கோட்டுக்கும் ஒரு பொய் உண்டு. வேகத்தைக் கணக்கிடும்போது எண்ணின் சிறு நடுக்கம்கூடப் பெரிதாகத் தெரியும். அதை மழுங்கடிக்க மென்பொருள் பல விநாடிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். மழுங்கடிப்பு கூடினால் கோடு அழகாகும், ஆனால் இன்னும் பின்தங்கும். முனையின் தாமதமும் கணக்கின் தாமதமும் சேர்ந்து அரை நிமிடத்துக்கு முந்திய கதையைத்தான் திரை சொல்கிறது. திரையைப் பார்த்து ஓட்டியவர்கள் எப்போதும் பிந்தினார்கள். திரையை மறுநாள் படித்துவிட்டு மறுபடி வறுத்தவர்கள் முன்னேறினார்கள்.

உருளை இயந்திரத்தில் இதே பாடம் இன்னும் கடுமையாக வரும். பாப்பரில் சூட்டை மாற்றினால் சில விநாடிகளில் கொட்டைக்கு எட்டும். தடித்த இரும்பு உருளையில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கோவையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் பின்கட்டு தன் உருளையை அங்கேயே கடைந்து வாங்கியது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 109 சுற்று சுற்றினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், புரளாது. அதில் பாதி வேகம், 50 முதல் 60 சுற்று, கொட்டையை அருவிபோல விழவைக்கும். முதலில் பூட்டிய மோட்டார் வேகம் கூடுதல், வறுவல் திட்டுத் திட்டாக வந்தது. பிறகு காரின் வைப்பர் மோட்டார் வந்தது. பல்சக்கரம் உள்ளேயே இருப்பதால் மெதுவாகவும் வலுவாகவும் சுற்றும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் என்பது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

2012இல் தெரிந்தது. சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. வறுவலின் எட்டாவது நிமிடத்தில் மின்சாரம் போனால் மின்மோட்டார் உருளை நின்றுவிடும். சூடான இரும்பின் அடியில் தங்கிய கொட்டை கருகி, எண்ணெய் கசிந்து, தொலியோடு தீப்பிடிக்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு இயந்திரங்கள் அப்படிக் கெட்டன. பேட்டரியில் சுற்றிய உருளை தப்பித்தது. சுற்றுவதையும் குளிர்விக்கும் விசிறியையும் பேட்டரிக்கும், சூட்டை மட்டும் சுவர் மின்சாரத்துக்கோ கேஸுக்கோ விடுவது அதன்பின் நிரந்தர ஏற்பாடாயிற்று.

கேஸில் ஓடும் உருளைக்கு அளவு பார்ப்பது எளிது, தவறாகப் படிப்பதும் எளிது. வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவில் கேஸ் விடும். நீர்மட்டத்தில் சொன்னால் 30 சென்டிமீட்டர். ஆகவே U வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயில் நிறத் தண்ணீர் ஊற்றினால் அதுவே அழுத்தமானி. ஆனால் அழுத்தத்தைப் பாதியாக்கினால் தீ பாதியாகாது. கேஸின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தில் போவதால் பாதி அழுத்தத்தில் 70 விழுக்காடு தீ மிஞ்சும். தீயைப் பாதியாக்க அழுத்தத்தைக் கால்பங்காக்க வேண்டும். மின்சுருளில் வர்க்கமாக வந்த கணக்கு இங்கே தலைகீழாக வந்தது. ரெகுலேட்டரைத் தொடாமல், அடுப்புக்கு முன்னால் உள்ள திருகில் மட்டும் கை வைப்பது நல்லது. ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது.

குளிர்விப்பதும் வறுவலின் ஒரு பகுதி. கடையில் வாங்கும் பல சிறு இயந்திரங்கள் கொட்டையை உள்ளேயே வைத்துக் குளிர்விக்கும். சூடான சுவருக்குள் அது பத்து நிமிடம் எடுக்கும், அதற்குள் நடுத்தர வறுவல் கருவறுவலாகிவிடும். பெரிய சல்லடையும் அடியில் உறிஞ்சும் விசிறியும் இருந்தால் நான்கு நிமிடத்தில் கொட்டை கையில் பிடிக்கும் அளவுக்கு ஆறும். முறமும் மேசை விசிறியும் ஏறக்குறைய அதே வேகம். குறைந்த செலவில் நிறையப் பலன் தரும் திருத்தம் இதுதான் என்றாலும், கடைசியாகத்தான் பலருக்கும் தோன்றுகிறது.

பில்டர் காப்பிக்கு வேண்டியது பாலைத் தாங்கும் டிகாக்ஷன். மேலைநாட்டு வீட்டு இயந்திரங்களில் வரும் தயார் வளைவரைகள் பல பால் சேராத இளவறுவலுக்கு எழுதியவை. அவற்றை அப்படியே ஓட்டினால் புளிப்பு பாலில் துருத்தி நிற்கும். பிளான்டேஷன் ஏ தரக் கொட்டையை முதல் வெடிப்பு முடிந்து இரண்டாவது தொடங்கும் விளிம்புவரை கொண்டுபோவது வழக்கம். பீபரி உருண்டை வடிவம் என்பதால் உருளையில் நன்றாகப் புரளும், ஒரே சீராக நிறம் ஏறும். ரோபஸ்டாவைத் தனியாக வறுத்துப் பின்னால் கலப்பதே சரி. ஒன்றாகப் போட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சிக்கரி அரைத்த பொடியோடு சேர்வது, வறுக்கும் இயந்திரத்துக்கு அதில் வேலை இல்லை.

பழைய இயந்திரத்தோடு வருபவர்களுக்குப் பின்கட்டு சொல்லும் வரிசை இப்போது ஏறக்குறைய நிலைத்துவிட்டது. முதலில் காவல்: உருகி, எர்த், எம்.சி.பி. இரண்டாவது குளிர்விப்பு. மூன்றாவது கொட்டையில் ஒரு முனை, வோல்ட்டுக்கு ஒரு மீட்டர். நான்காவது காற்றையும் சூட்டையும் பிரித்துக் கையால் ஓட்டிப் பழகுவது. ஐந்தாவது காற்றின் சூட்டைப் பிடிக்கும் பிஐடி. கணினி ஆறாவது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள் அழகான வளைவரைகளையும் சுமாரான காப்பியையும் வைத்திருக்கிறார்கள். நிறைய இயந்திரங்களுக்கு நான்காவது படியோடு போதும்.

எந்தப் படியில் நின்றாலும் பலனைச் சோதிக்க ஒரு சமையல் தராசு போதும். 250 கிராம் பச்சைக் கொட்டை 212 கிராமாக இறங்கினால் இழப்பு 15 விழுக்காடு, நடுத்தர வறுவல். 205 கிராம் என்றால் 18 விழுக்காடு, கருவறுவலுக்கு அருகில். ஒரே கொட்டையை ஒரே நோக்கத்தோடு வாரம் ஒருமுறை வறுத்து, எடை ஒரு கிராம் இரண்டு கிராமுக்குள் நின்றால் இயந்திரம் கைக்குள் வந்துவிட்டது. பின்கட்டின் முதல் நோட்டில் அந்த வித்தியாசம் 11 கிராம். இப்போதைய நோட்டில் 2.